நாலு விரல் இடம்

கல்யாணப் போட்டோ எடுக்கும்போது போட்டோகிராபர் மணப்பெண்ணை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தினார். அப்படியும் அவள் தலை மாப்பிள்ளையின் தோளைத்தான் தொட்டது. படம் எடுத்து முடிந்ததும் அவள் கீழே இறங்கி, பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் விளக்குக் கம்பம்போல நின்றவரிடம் கேட்டாள்: "இதையும் கூடவே வீட்டுக்கு எடுத்துட்டு வரணுமா?"

விளக்குக் கம்பத்துக்கு அந்த இடத்திலேயே மனைவிமேல் ஒரு பிரமிப்பு வந்துவிட்டது. அது இன்றுவரை இறங்கவில்லை. அவர் சோபா செய்கிறவர். தெருவில் பாதிப் பேர் உட்காருவது அவர் அடைத்த பஞ்சின் மேல்தான். அதனால் பெயரே சோபாக்காரர் என்று ஆகிவிட்டது. அவர் மனைவியைச் சுண்டு என்று கூப்பிடுவார், சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாளாம். அவளும் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவாள், வரும்போது பதிலுக்கு ஒன்று கொண்டுவருவாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் சுண்டுவின் இடது காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. போகிற போக்கில் உடம்பின் தராசையும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது. நடப்பாள், ஓடுவாள், மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவுவாள். இரண்டு சக்கரத்தில் ஏறினால் மட்டும் உலகம் ஒரு பக்கமாகச் சரியும். பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றி, இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும். அவளுக்குப் பிறகு பிறந்த தம்பி சைக்கிள் கற்றுக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வட்டம் அடித்தபோது, வாசலில் உட்கார்ந்து, "பார்த்துப் போடா, தெரு தேஞ்சிடப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அன்றைக்கு உள்ளே போய் அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

இதைத் தம்பி வாயிலாகக் கேள்விப்பட்ட சோபாக்காரர், கல்யாணமான முதல் வருஷமே எங்கேயோ தேடிப்பிடித்து ஒரு பழைய இரட்டைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு ஹேண்டில்பார், இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். முன்னால் இருப்பவர் வண்டியைத் திருப்பி, பிரேக் பிடித்து, சாயாமல் பார்த்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் மிதித்தால் போதும். விற்ற தம்பதிக்குள், யார் மிதிக்காமல் ஏமாற்றுகிறார் என்பதில் பேச்சுவார்த்தையே நின்று போயிருந்ததாம்.

முதல் நாள் தெருக்கோடி வரை போனார்கள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், சுண்டுவின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"என்ன ஆச்சு?"

"கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"பெரிய தூசி. ஓட்டுங்க."

அன்றிலிருந்து அந்தச் சைக்கிள்தான் அவள் கால். வேலைக்கு, கடைக்கு, தம்பி வீட்டுக்கு என்று எல்லாம் அதில்தான். பின்சீட்டிலிருந்து அவளுக்குத் தெரிவது கணவரின் முதுகு மட்டும்தான். "உலகத்துலயே உங்க சட்டை முதுகை இவ்வளவு படிச்சவ நான் ஒருத்திதான்" என்பாள். காலர் எங்கே நைந்திருக்கிறது என்பது அவருக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

முன்சீட்டில் சோபாக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. ஊர்ச் சாலை முழுக்கக் குழி. ஒரு குழியில்கூட விடமாட்டார். கடைசி நொடி வரை நேராகப் போய், சட்டென்று ஒரு வெட்டு வெட்டி முன்சக்கரத்தை ஒதுக்குவார். ஒதுக்கியதும், "தப்பிச்சோம்" என்று ஒரு குரல் விடுவார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தப்பிச்சோம். தெருவோரக் கடைக்காரர்கள் அந்தக் குரலை வைத்தே சுண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்துகொள்வார்கள்.

வேலை என்றால் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில். ஜன்னல் இல்லாத நீள அறை, வரிசையாக மேஜை, மேஜைக்கு இரண்டு திரை. மற்றவர்கள் இரண்டு காதிலும் மாட்டுகிற கருவியை அவள் வலது காதில் மட்டும் மாட்டியிருப்பாள். பக்கத்து மேஜைக்காரி என்ன கத்தினாலும் இடது காதுக்கு அது எட்டாது. "எனக்கு மட்டும் ஆபீஸ்ல தனி ரூம்" என்பாள்.

ஒருமுறை அவள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனார் சோபாக்காரர். கதவோரம் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே நின்றபடி அவர் கேட்டார்:

"அழுங்க, பரவாயில்ல. அழுதுக்கிட்டே குழந்தையைக் குப்புறப் படுக்க வைங்க. உங்க கை மேல. தலை கீழ் பக்கமா இருக்கட்டும். வச்சுட்டீங்களா? இப்போ முதுகுல தட்டுங்க. நான் கூடவே எண்ணுறேன்."

மறுமுனையில் யாரோ ஒருவர் உடைந்து போய்க்கொண்டிருந்தார். இவள் குரலோ காய்கறி விலை சொல்கிற குரல். எண்ணினாள். நிறுத்தினாள். மறுபடி எண்ணினாள். பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து, "சத்தமா அழுறாளா? நல்லா அழட்டும். கேக்கவே நல்லா இருக்கு" என்றாள். அடுத்த அழைப்பு அதற்குள் வந்துவிட்டது. கண்ணாடியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்த சோபாக்காரர், சைக்கிளின் பின்சீட்டை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் தினமும் தன்னிடம் டீயில் சர்க்கரை கூட என்று சண்டை போடுகிற ஆள்தானா இது என்று இருந்தது.

இப்படி வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்துதான் இடுப்பு போனது. முதலில் குனியும்போது வலி. பிறகு நிமிரும்போது. ஒரு காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடங்க. மிதிக்கிறதும் நல்லதுதான். ஆனா கீழயிருந்து இடுப்புக்கு அடி ஏறக்கூடாது. குலுங்காத சீட்டு இருந்தா ஓட்டுங்க, இல்லேன்னா சைக்கிளை மறந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் சோபாக்காரர் சைக்கிளின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார். சுண்டு அதை உருவி மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது என்ன, செத்தா போச்சு? குலுங்காத சீட்டுன்னுதான் டாக்டர் சொன்னாரு. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"சோபா."

"அப்புறம் என்ன?"

அது அவரை நேராகக் குத்தியது. ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து கொடுத்த மனிதன் சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு சாண் சீட்டு செய்ய மாட்டேன் என்றால் எப்படி? பட்டறையிலேயே நல்ல பஞ்சாக எடுத்து, நாலு அடுக்கு வைத்து, மேலே தோல் போட்டுத் தைத்து மாட்டினார். பார்க்க ராஜா சிம்மாசனம் மாதிரி இருந்தது. சுண்டு ஏறி உட்கார்ந்தாள். கால்கள் பெடலுக்கு எட்டாமல் இரண்டு பக்கமும் தொங்கின.

தம்பி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாமா, அக்காவுக்குத் தொட்டில் கட்டிட்டீங்களா?" என்றான்.

"நீ வாயை மூடு மாப்ள."

"எனக்கென்ன வந்துச்சு. தாலாட்டு யாரு பாடறது?"

பஞ்சு தோற்றதும் ஸ்பிரிங் வைத்த சீட்டு வாங்கி வந்தார். அதுவும் உயரம். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், சீட்டை விடு, சீட்டைத் தாங்குகிற கம்பியிலேயே சஸ்பென்ஷன் வைத்து வருகிறது என்று. குழி வந்தால் கம்பி தானே அமுங்கி எழும், இடுப்புக்கு ஒன்றும் தெரியாது.

சோபாக்காரர் கடை கடையாக ஏறினார். எல்லாக் கடையிலும் அந்தக் கம்பி இருந்தது. எதுவும் சுண்டுவுக்கு ஆகவில்லை. விஷயம் இதுதான்: அவள் கால் எட்ட வேண்டுமென்றால் சீட்டு நன்றாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறக்கினால், சைக்கிள் சட்டத்துக்கும் சீட்டுக்கும் நடுவே மிஞ்சுவது நாலு விரல் இடம். சஸ்பென்ஷன் கம்பிக்கோ ஒரு சாண் வேண்டும். ஒரு கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "கம்பியில கோளாறு இல்லங்க. அவங்களைக் கொஞ்சம் வளரச் சொல்லுங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னதற்குச் சுண்டு, "சின்ன வயசுலேர்ந்து முயற்சி பண்ணிட்டுதான் இருக்கேன்" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்க வேலைக்குக் கால்நடையாகத்தான் போனாள், பாதி வழியில் ஒரு சுவரோரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அதைத் தெருமுனையிலிருந்து பார்த்தவன் தம்பி. வந்து மாமாவிடம் சொன்னபோது அவன் வாயில் ஜோக் எதுவும் இல்லை.

கடைசியாகச் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போனார். கடைக்காரம்மா நல்ல வாட்டசாட்டமான ஆள். காதில் பென்சில், முழங்கை வரை கிரீஸ். நாலு விரல் இடத்தைத் தன் விரலாலேயே அளந்து பார்த்தார்.

"குட்டையான ஒரு கம்பி இருக்கு. மேலயும் கீழயும் குதிக்காது, முழங்கை மடங்குற மாதிரி பின்னால மடங்கும். அதுக்கு ஆறு விரல் இடம் வேணும்."

"இருக்கறது நாலுதானே."

"பெடலைத் தாங்குற கையைக் குட்டையா மாத்திட்டா? பெடல் அவ்வளவு கீழ போகாது. கால் எட்டறதுக்காகச் சீட்டை அவ்வளவு இறக்க வேணாம். அதுல ஒன்றரை விரல் கிடைக்கும்."

"மீதி அரை விரல்?"

"சீட்டுல பஞ்சு ஜாஸ்தியா இருக்கே, எடுத்துடுங்க. நீங்கதானே சோபாக்காரர்?"

ஆயுள் முழுக்கப் பஞ்சை அடைத்தவருக்கு, பஞ்சை எடுத்தால் சுகம் வரும் என்று ஒருவர் சொன்னது தலைக்குள் இறங்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. இறங்கியதும் மனிதர் அங்கேயே கிளம்பப் பார்த்தார். கடைக்காரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. குட்டைக் கம்பிக்கு அசைவும் கம்மி. சின்னச் சின்ன குலுக்கல் எல்லாம் தாங்கும். பெரிய அடி விழுந்தா தாங்காது, நேரா இடுப்புக்குத்தான் போகும். அவங்களுக்குப் பெரிய அடி விழுதா?"

சோபாக்காரர் சிரித்துவிட்டார். "விசாரிச்சுப் பாருங்கம்மா. நான் ஒரு குழியிலகூட விட்டதில்ல. கடைசி நொடியில ஒரு வெட்டு, அவ்வளவுதான்."

"கடைசி நொடியிலயா?" கடைக்காரம்மா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "பின்னால ஏறுங்க."

பின்சீட்டை அவர் காலுக்குத் தக்கபடி ஏற்றினார்கள். இத்தனை வருஷத்தில் சோபாக்காரர் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அவர் நீளக் காலுக்கு ஒத்துவராத சீட்டு, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஏறியதும் முதலில் கண் போனது. முன்னால் ஒரு பெரிய முதுகு, அதைத் தவிர ஒன்றுமில்லை. சாலை எங்கே, குழி எங்கே, எப்போது திரும்பப் போகிறது, எதுவும் தெரியாது. பிரேக் கையில் இல்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் திரும்பாது.

"நீங்க எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டறேன்" என்றார் முதுகு.

கடைக்கு எதிரிலேயே ஒரு குழி. நேராகப் போனார். கடைசி நொடியில் சட்டென்று வெட்டினார். முன்சக்கரம் அழகாக ஒதுங்கியது. சோபாக்காரர் வாய் பழக்கத்தில் "தப்பி" வரை சொல்லியிருந்தார்.

அடி முதுகுத்தண்டின் அடியில் விழுந்து பல்லில் போய் நின்றது.

வண்டி நின்றது. அவர் இறங்கவில்லை, இறங்க வரவில்லை. கடைக்காரம்மா திரும்பி, சாக்பீஸால் தரையில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். முன்சக்கரம் போன வழி குழியைச் சுற்றி வளைந்து போனது. பின்சக்கரம் போன வழி அந்த வளைவைப் பின்பற்றவில்லை. குறுக்கு வழியாக நேரே குழி நடுவில் போனது. "சின்ன சைக்கிள்னா ரெண்டு சக்கரமும் கிட்ட கிட்ட இருக்கும். இது நீளம். வெட்டி வெட்டித் திருப்பினா முன்னால இருக்கறவர் தப்பிப்பாரு. பின்னால இருக்கறவங்கதான் விழுவாங்க."

சோபாக்காரர் அந்த இரண்டு கோட்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். எத்தனை குழி. எத்தனை தப்பிச்சோம். ஒவ்வொன்றையும் வெற்றி முழக்கம் மாதிரி கத்தியிருக்கிறார், அதுவும் அடி விழுகிற அந்த நொடிக்குச் சரியாக. பின்னாலிருந்து ஒருநாளும் ஒரு முனகல் வந்ததில்லை.

சைக்கிளில் ஏறாமல் வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தார். சுண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, சாக்பீஸ் கோடு, குறுக்கு வழி, முதுகு, பல் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் மடித்து வைத்த துணியையே மறுபடி மறுபடி மடித்தார்.

"நான் 'தப்பிச்சோம்'னு கத்தும்போதெல்லாம் நீ குழியில விழுந்திருக்கே, சுண்டு."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "இருங்க. அப்போ அது எனக்காகச் சொல்றது இல்லையா?"

"எது?"

"தப்பிச்சோம். குழி வருது, தூக்கிக்கோன்னு அர்த்தம்னு நினைச்சேன். நீங்க வாயைத் திறந்ததுமே பெடல்ல கால ஊனி இடுப்பை லேசா தூக்கிப்பேன். அடுத்த நொடி கீழ டமார்னு போகும், எனக்குப் படாது. இப்போ இடுப்பு வலிச்சதுக்கப்புறம்தான் தூக்க முடியல."

"நிஜமாவா?"

"நேரா குழின்னு சொல்லாம இப்படி வேடிக்கையா சொல்றாரே மனுஷன்னு நினைச்சுப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிச் சொன்னாள். "எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சு வச்சிருக்கேங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு குழி விடமாட்டாரு, ஒவ்வொண்ணுக்கும் முன்கூட்டியே சொல்லிடுவாருன்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. தான் தற்பெருமையாகக் கத்திய ஒரு சொல்லை இவள் எடுத்து, அதற்கு அக்கறை என்று அர்த்தம் வைத்து, அந்த அர்த்தத்தை நம்பி இத்தனை வருஷம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். போனில் முன்பின் தெரியாத ஆட்கள் உளறுவதிலிருந்து உயிர் இருக்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிற காது அது. தன் உளறலையும் அப்படித்தான் கேட்டிருக்கிறது.

"கண்ணுல என்ன?" என்று கேட்டாள் அவள்.

"ஒண்ணுமில்ல."

"பெரிசா?"

"ரொம்பப் பெரிசு."

மறுநாளிலிருந்து சோபாக்காரர் ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்சீட்டில் தம்பியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த சாலையில் போவார். குழி கண்ணில் பட்டதுமே, தூரத்திலிருந்தே மெதுவாக வளைய வேண்டும், அகலமாக. வளைய இடமில்லாவிட்டால் வேகத்தைக் குறைத்து நேரே இறக்கி ஏற்ற வேண்டும். கேட்க எளிது, கை கேட்க வேண்டுமே. வருஷக்கணக்கான வெட்டு, பார்த்ததும் தானாக வெட்டிவிடும்.

"மாமா, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

"சாரி மாப்ள."

"அக்காவைக் கட்டிக் குடுத்ததுக்குப் பழி வாங்கறீங்க."

சில நாளில் தம்பி திட்டுவது குறைந்தது. பிறகு ஒருநாள், பின்னால் ஒரு பேச்சும் இல்லாமல், பார்த்தால் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலம் சோபாக்காரர் சிம்மாசனத்தின் தையலைப் பிரித்தார். அடுக்கடுக்காகப் பஞ்சை உருவி, தோலை இழுத்து ஒட்டத் தைத்தார். இவ்வளவு மெல்லியதாக எதையும் அவர் செய்ததில்லை. மறுநாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைக்காரம்மா குட்டைப் பெடல் கையை மாட்டி, மடங்கும் கம்பியை இறக்கி, சுண்டுவின் எடையைக் கேட்டு அதற்கேற்ற ஸ்பிரிங்கைப் போட்டார். சுண்டு எடையைக் காதோடு சொன்னாள். "மூணு கிலோ குறைச்சுச் சொன்னீங்கன்னா இடுப்புதான் அடி வாங்கும்" என்றார் கடைக்காரம்மா. சுண்டு யோசித்து, மூன்று கிலோவைக் கூட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வாசலில் தம்பி, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் ஒன்றும் தெரியாதது மாதிரி நின்றிருந்தார்கள். சுண்டு ஏறினாள். கால் பெடலில் படிந்தது. சீட்டு ஒரு மூச்சு இறங்கி அவளை வாங்கிக்கொண்டது. வண்டி நகர்ந்தது.

சோபாக்காரர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. கடைத்தெரு முனையின் பழைய குழியை இருபது அடிக்கு முன்னாலேயே பார்த்து, அகலமாக வளைந்து போனார். பள்ளிக்கூட வாசலில் வளைய இடமில்லை. "குழி" என்றார் சாதாரணமாக, வேகம் குறைத்து நேரே இறக்கினார். முன்னால் லேசாக ஒரு ஆட்டம். பின்னால் கம்பி க்ளிக் என்று மடங்கி எழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது, பார்க்கவில்லை. பாலத்தின் ஏற்றத்தில் மட்டும், தன் காலுக்குக் கீழே பெடல் சுலபமாகச் சுழல்வதை உணர்ந்தார். பின்னால் யாரோ ஊன்றி மிதிக்கிறார்கள். அந்தக் குட்டைக் கால்களில் இவ்வளவு பலம் இருப்பதை, அவற்றுக்குத் தக்க பெடல் கிடைத்த அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

ஆபீஸ் வாசலில் இறங்கினாள். சுவரைப் பிடிக்கவில்லை, அவர் தோளைப் பிடிக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு நேராக நின்றாள்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"சீட்டு."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியலைங்க. அதை நினைக்கவே இல்லை. பாலத்துல தண்ணி நிறைய போகுது இல்ல? இவ்வளவு நாள் சத்தமே காதுல விழுந்ததில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் யாரோ கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது, காய்கறி விலை சொல்கிற குரல்: "சொல்லுங்க, நான் கேட்டுட்டு இருக்கேன்." சோபாக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி, சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்தில் எங்கே நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.